பாட்டிலில் ஏறும் ஆத்தங்குடிப் பூக்கல்

செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூப்போட்ட தரைக்கல்தான் ஆத்தங்குடிப் பூக்கல். அதன் வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. கண்ணாடிப் பலகையின் மேல் பூவச்சை வைத்து, அதன் அறைகளுக்குள் சிமெண்டும் மணலும் ஆக்சைடு நிறமும் கரைத்த குழம்பை ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கிவிடுவார்கள். அதன் மேல் உலர்ந்த சிமெண்டு மணல், அதற்கும் மேல் ஈரச் சாந்து. தண்ணீரில் ஊறி இறுகிய கல் கண்ணாடியை விட்டுப் பிரியும்போது, கண்ணாடியைத் தொட்டிருந்த முகம் மெருகு போட்டது போல மின்னும். கண்ணாடி எதையும் உறிஞ்சாது, எதையும் பிடித்துவைக்காது என்பதால்தான் அந்தத் தொழிலே நடக்கிறது.

அதே பூவைக் காலி பாட்டிலின் மேல் வரைய உட்கார்ந்தால் அதே குணம் எதிரியாகிவிடும். சுவரோ மரமோ துணியோ வர்ணத்தைக் கொஞ்சமாவது உள்ளே இழுத்துக்கொள்ளும். கண்ணாடியில் வர்ணம் மேலே ஒரு படலமாக உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பாட்டில் பெயிண்டிங் என்றதும் எல்லோரும் எந்த வர்ணம் நல்லது என்றே கேட்கிறார்கள். ஆறே மாதத்தில் பொருக்குத் தட்டி உரிகிற பாட்டில்களில் பெரும்பாலானவை, தூரிகை தொடுவதற்கு முன்பே கெட்டுப்போனவை.

முதலில் பாட்டில். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எந்தப் பழைய பேப்பர் கடையிலும் குவிந்து கிடக்கும். 650 மி.லி. பீர் பாட்டில் உருளையாக, நேரான உடம்போடு இருப்பதால் பூக்கல் வரைய அதுதான் முதல் தேர்வு. குவார்ட்டர் பாட்டில்களில் தட்டையான முகம் இருக்கும். கோலம் போட வசதி. நன்னாரி சர்பத் பாட்டிலும் நல்லதுதான், ஆனால் சிலவற்றில் கம்பெனிப் பெயர் எழுந்து நிற்கும். எழுத்து வரைபரப்புக்குள் வந்தால் எடுக்காதீர்கள், எத்தனை பூச்சு பூசினாலும் அது கீழிருந்து எட்டிப் பார்க்கும். பூச்சிமருந்து, ஆசிட், பினாயில் இருந்த பாட்டில் எவ்வளவு வடிவாக இருந்தாலும் வேண்டாம். சோடாக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்கிற பாட்டில் அவர்களுடைய சொத்து. டாஸ்மாக்கில் காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் ஏற்பாடு 2022-ல் நீலகிரியில் தொடங்கி வேறு மாவட்டங்களுக்கும் வந்தது. அந்த ஏற்பாட்டின் ஸ்டிக்கரோடு இருக்கும் பாட்டிலைக் கடையிலேயே கொடுத்துவிட்டு, யாருக்கும் வேண்டாத பழசை எடுத்துக்கொள்வதே முறை.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பாட்டில்கள் சங்கதியே வேறு. கையிலெடுத்துப் பக்கவாட்டு மடிப்புக்கோட்டை (அச்சின் இரு பாதி சேருமிடத்தில் எழும் கோடு) விரலால் தடவிப் பாருங்கள். இயந்திரத்தில் வார்த்த பாட்டிலில் அந்தக் கோடு வாய் விளிம்பு வரை ஓடும். கழுத்தோடு நின்றுபோனால் வாயைக் கையால் முடித்திருக்கிறார்கள் என்று பொருள். 1903-ஐ ஒட்டி அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் வந்து பரவுவதற்கு முந்தைய முறை அது. கண்ணாடிக்குள் குமிழியும், அடியில் கோணலும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அப்படிப்பட்ட பாட்டிலின் மேல் அக்ரிலிக் பூசுவது, தேக்குத் தூணுக்கு டிஸ்டெம்பர் அடிக்கிற வேலை. துடைத்து அலமாரியில் வையுங்கள்.

லேபிள் கழற்றுவதில் இரண்டு வகை உண்டு. தண்ணீர்ப் பசையில் ஒட்டிய காகித லேபிள் என்றால், வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் ஊறவிட்டாலே தானாக நழுவும். பிளாஸ்டிக் பக்கெட்டில் ஊறப்போடுங்கள். அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரித்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த பாட்டிலில் கொதிநீரை ஊற்றக் கூடாது, சட்டென்று 40 டிகிரி வித்தியாசம் வந்தாலே சாதாரணப் பாட்டில் விரிசல் விடலாம். ஸ்டிக்கர் லேபிளின் பசை தண்ணீருக்கு மசியாது. முடி உலர்த்தும் டிரையரால் சூடு காட்டி ஓரத்திலிருந்து உரித்து, மிச்சமிருக்கும் பிசுபிசுப்பின் மேல் தேங்காய் எண்ணெயும் சமையல் சோடாவும் சம அளவில் குழைத்துத் தடவி 20 நிமிடம் கழித்து நாரால் தேய்த்தால் வந்துவிடும். மது பாட்டில் வாயில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் அடைப்பையும் அலுமினிய வளையத்தையும் குறட்டால் நறுக்கி எடுங்கள், நெம்பினால் வாய் பிளக்கும்.

பாட்டில் சுத்தமாகிவிட்டது என்று இந்த இடத்தில்தான் பலரும் முடிவு கட்டுகிறார்கள். பார்க்கச் சுத்தம்தான். ஆனால் பாட்டில் தொழிற்சாலையில், வார்த்த சூட்டிலேயே மேலே டின் ஆக்சைடு ஏற்றுவார்கள். ஆறி வரும்போது பாலிஎதிலீன் மெழுகுக் கரைசலைத் தெளிப்பார்கள். வரிசையில் ஓடும் பாட்டில்கள் ஒன்றையொன்று கீறாமல் வழுக்கிப் போகத்தான் இந்த ஏற்பாடு. வர்ணத்துக்கு அடியில் நாம் பூசும் பிரைமரும் அதே வழுக்கலில்தான் உட்காரப் போகிறது. புத்தம்புது பாட்டிலில் வர்ணம் உரிவதும், பலமுறை கழுவி நிரப்பிய பழைய பாட்டிலில் நிற்பதும் பெரும்பாலும் இதனால்தான். சோப்பு இந்த மெழுகை முழுக்க எடுக்காது. சூடான சலவைச் சோடாக் கரைசலில் ஊறிய பாட்டிலை 400 நம்பர் உப்புத்தாளால், தண்ணீர் விட்டு விட்டு, வட்ட வட்டமாக லேசாகத் தேய்க்க வேண்டும். கண்ணாடி பால் மங்கலாக மாறுவதே அடையாளம். உலர்ந்த நிலையில் தேய்த்தால் கண்ணாடித் தூள் மூக்கில் ஏறும். பிரைமர் பூசப் போகிற பகுதிக்கு மட்டுமே இந்தத் தேய்ப்பு. கண்ணாடியாகவே விடப்போகிற இடத்தைத் தொடாதீர்கள், அந்த மங்கல் திரும்பப் போகாது.

பிறகு ஒரு சோதனை. பாட்டிலைத் தண்ணீரில் முக்கி நிமிர்த்துங்கள். தண்ணீர் ஒரே விரிப்பாக வழிந்தால் தயார். அங்கங்கே முத்து முத்தாகத் திரண்டால் அந்த இடத்தில் எண்ணெயோ மெழுகோ இன்னும் இருக்கிறது. தேறிய பாட்டிலை ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்து உலர்த்துங்கள். உள்ளே ஈரம் இருக்கையில் மூடினால் பின்னால் ஆவி படரும். கடைசியாக, பூசுவதற்குச் சற்று முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. மருந்துக்கடை ஸ்பிரிட்டில் சிலதில் எண்ணெய் கலந்திருக்கும், துடைத்துக் காய்ந்தபின் விரலில் வழவழத்தால் அது ஆகாது. இதற்குப் பிறகு பாட்டிலைக் கழுத்திலோ, வாய்க்குள் விரலை விட்டோதான் தூக்க வேண்டும். நடுவில் பிடித்த ஒரு கைரேகை போதும், பின்னாளில் கட்டைவிரல் அளவுக்கு அங்கே உரியும்.

அடிப்பூச்சுக்குக் கண்ணாடிக்கென்று விற்கும் பிரைமர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஓவியர்கள் கேன்வாஸுக்கு அடியில் பூசும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ போதும். ஃபெவிகாலில் சாக்பீஸ் தூளோ டால்கம் பவுடரோ குழைத்து அடிப்பூச்சாக்கும் வழக்கம் வீடுகளில் இருக்கிறது. செலவு குறைவு, பார்க்கவும் பிசிறில்லாமல் இருக்கும். ஆனால் வெள்ளைப் பசை ஈரம் பட்டால் மறுபடி இளகும். பூச்செண்டு வைக்கிற பாட்டிலுக்கு அது சரிவராது. அக்ரிலிக் அப்படியில்லை, ஒருமுறை படலமாகிவிட்டால் தண்ணீரில் கரையாது.

பிரைமரைத் தூரிகையால் இழுக்க வேண்டாம், கோடு கோடாக நிற்கும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி, நனைத்துப் பிழிந்து, பிரைமரைத் தொட்டு ஒற்றி ஒற்றி எடுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் தெரியும். அதைப் பார்த்து மனசு கேட்காமல் அங்கேயே மறுபடி ஒற்றினால் பாதி காய்ந்தது பிய்ந்து வரும். 650 மி.லி. பாட்டிலுக்கு ஒரு பூச்சுக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் செலவானால் தடிமனாகப் பூசுகிறீர்கள். இரண்டு மணி நேரம் விட்டு இரண்டாம் பூச்சு, பிறகு ஓர் இரவு ஓய்வு.

இந்தக் கணக்கெல்லாம் செட்டிநாட்டு வெயிலுக்கு ஏற்ப மாறும். அக்ரிலிக்கில் தண்ணீர் ஆவியாகப் போகப் போக, உள்ளிருக்கும் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி உருகி ஒட்டிப் படலமாகின்றன. சித்திரை, வைகாசி மதியத்தில் மேல்தோல் நிமிடங்களில் மூடிக்கொள்ளும், அடியில் ஈரம் சிக்கிக்கொள்ளும். விளைவு, கொப்புளமும் மெல்லிய வெடிப்பும். சீக்கிரம் காயட்டும் என்று முற்றத்து வெயிலில் வைப்பது மாதிரி கெடுதல் வேறில்லை. கோடையில் காலை ஒன்பதுக்குள் பூச்சு வேலையை முடித்துவிட்டு, வளவின் (வீட்டு உள்முற்றத்தின்) நிழலான பத்தியில் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதற்கு நேர்மாறு. ஒவ்வோர் இடைவெளியையும் இரட்டிப்பாக்குங்கள், வார்னிஷ் பூசுவதை மழையில்லாத நாளுக்குத் தள்ளிவையுங்கள். ஈரக்காற்றில் அது பால் போல வெளுக்கும்.

இனி பூக்கல். சதுரக் கல்லை உருளையில் எப்படிப் பொருத்துவது என்பதே முதல் கேள்வி. பாட்டிலைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி, சரியாக முடியும் இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். விட்டம் 7.5 செ.மீ. என்றால் சுற்றளவு 23.5 செ.மீ.யை ஒட்டி வரும். பட்டையை மூன்று முறை பாதியாக மடித்தால் எட்டுப் பாகம்; ஒவ்வொன்றும் 2.9 செ.மீ. பாகங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தே ஆக வேண்டும். ஆத்தங்குடி வடிவங்களில் பலவற்றில் ஒரு கல்லில் கால் பூதான் இருக்கும், நான்கு கல் கூடினால்தான் முழுப்பூ. ஏழாகப் பிரித்தால் சுற்றி வந்து சேருமிடத்தில் ஒரு பூ அரையாகத் தொங்கும். எட்டுக்கு இன்னொரு லாபமும் உண்டு: பாட்டிலின் இரண்டு மடிப்புக்கோடும் நேரெதிரே இருப்பதால், ஒன்றில் கட்டம் தொடங்கினால் மற்றதும் ஐந்தாவது கோட்டின் மேல் தானாக வந்து விழும். இரண்டுமே கல் இடுக்குக்குள் மறைந்துவிடும்.

நேரான உடம்பு 16 செ.மீ. உயரம் என்றால் நான்கு வரிசைக்கு 11.6 செ.மீ. போகும். மிச்சத்தை மேலும் கீழும் கரைக்கு விடுங்கள். நம் வீட்டுத் தளங்களிலும் நடுவில் பூக்கல்லும் ஓரத்தில் கரைக்கல்லும்தானே பதித்திருக்கிறார்கள். ஆக, சுற்றிவர நான்கு, மேலும் கீழுமாக இரண்டு, மொத்தம் எட்டு முழுப்பூ. தோள் பகுதியில் கட்டத்தை நீட்டாதீர்கள். உடம்பில் 2.9 செ.மீ. இருக்கிற கட்டம் கழுத்தில் ஒரு சென்டிமீட்டருக்குச் சுருங்கும், சதுரம் ஆப்பு வடிவமாகிவிடும். அங்கே எட்டு இதழை மேல்நோக்கிக் கூராக வரைந்தால் உடம்பின் எட்டுப் பாகத்தோடு இழைந்து போகும். வாய் விளிம்பிலிருந்து 2 செ.மீ. எப்போதும் வெறும் கண்ணாடி.

குறுக்குக் கோட்டுக்கு அளவுகோல் வேண்டாம். அகலமான ரப்பர் பேண்டைப் பாட்டிலில் மாட்டி, மேசையிலிருந்து அதன் உயரத்தை நான்கு இடத்தில் அளந்து சரிசெய்துவிட்டு, அதன் ஓரத்திலேயே பென்சிலை ஓட்டலாம். வட்டக் கரை தீட்டுவதற்குக் கேக் அலங்கரிக்கும் சுழல்தட்டு கைகொடுக்கும்: முழங்கையை மேசையில் ஊன்றித் தூரிகையை அசைக்காமல் பிடித்து, தட்டைத் திருப்ப வேண்டும். பூ தீட்டும்போது பாட்டிலைப் படுக்கவைப்பது நல்லது. இரண்டு பிரிமணைக்கு மேல் வைத்தால் உருளாது.

நிறத்தில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். டப்பாவிலிருந்து அப்படியே எடுத்த சிவப்பும் பச்சையும் பிளாஸ்டிக் பொம்மையைத்தான் நினைவூட்டும். பூக்கல்லின் நிறம் சிமெண்டில் கலந்த ஆக்சைடு, அதனால் கொஞ்சம் அடங்கியே இருக்கும். பர்ன்ட் சியன்னா மூன்று பங்கு, கிரிம்சன் ஒரு பங்கு சேர்த்தால் தளத்துக் காவிச் சிவப்புக்குப் பக்கத்தில் வரும். மஞ்சளுக்கு யெல்லோ ஆக்கரில் சிறிது வெள்ளை. பச்சையில் துளி சிவப்பு விட்டால் அதன் துள்ளல் அடங்கும். வெள்ளையை வெள்ளையாகவே விடாமல் ஆக்கர் ஒரு சொட்டு. ஒவ்வொரு நிறமும் மெல்லியதாக இரண்டு பூச்சு. ஒரு நிறத்தை எட்டுப் பூவுக்கும் முடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போனால், திரும்பி வருவதற்குள் முதலாவது காய்ந்திருக்கும்.

இன்னொன்று, கருப்பு மார்க்கரால் பூவைச் சுற்றிக் கோடு இழுக்காதீர்கள். மேலே சொன்ன செய்முறையை யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். அச்சைத் தூக்கியதும் பக்கத்துப் பக்கத்து நிறங்கள் நேராக ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. இடையில் கோடு கிடையாது. விளிம்பில் இலேசான நெளிவுகூட இருக்கும். அந்த நெளிவோடு நிறத்துக்கு நிறம் முட்ட விட்டால்தான் ஆத்தங்குடி. கருப்புக் கோடு போட்டால் வண்ணம் தீட்டும் புத்தகம். போதாக்குறைக்குப் பல மார்க்கர்களின் மை வார்னிஷில் கரைந்து ஓடும்.

எல்லாப் பாட்டிலையும் மூடிப் பூச வேண்டும் என்றும் இல்லை. செட்டிநாட்டு வீடுகளின் ஜன்னல் வளைவுகளில் சிவப்பும் நீலமும் பச்சையுமாகப் பதித்திருக்கும் கண்ணாடித் துண்டுகளை ஒரு பாட்டிலில் கொண்டுவர வேண்டுமென்றால், பிரைமரும் உப்புத்தாளும் இல்லாமல் ஒளி ஊடுருவும் கண்ணாடி வர்ணம்தான் வழி. முதலில் அவுட்லைனர் டியூபால் கறுப்போ பொன்னிறமோ கரை இழுத்து, நான்கு மணி நேரம் விட்டு, அறைகளை நிரப்ப வேண்டும். கரையில் ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் வர்ணம் பக்கத்து அறைக்குத் தாவும். வளைந்த பரப்பு என்பதால் ஒரே மூச்சில் சுற்றி முடிக்க முடியாது. மேலே பார்த்திருக்கும் கால்வாசியை மட்டும் நிரப்பி, படுக்கவைத்தபடியே ஆறு மணி நேரம் காயவிட்டு, அப்புறம் திருப்புங்கள். குமிழி எழுந்தால் உடனே ஊசியால் குத்திவிட வேண்டும், காய்ந்த பின் குத்தினால் பள்ளம்தான் மிஞ்சும்.

கோலத்துக்கு வருவோம். பழுப்புப் பீர் பாட்டிலிலோ பச்சைப் பாட்டிலிலோ வெறும் வெள்ளையில் இரட்டை இழைக் கோலம்: இந்த வேலையிலேயே குறைந்த செலவு, பார்வைக்கு மிக அழகு என்று சொன்னால் மறுக்க ஆள் இல்லை. மருதாணிக் கோன் சுற்றத் தெரிந்தவர்களுக்கு இது கைவந்த கலை. கோனுக்குள் வெள்ளை அக்ரிலிக்கைத் தண்ணீர் விடாமல் நிரப்பி, முனையை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நறுக்கினால் மாக்கோல இழையின் பருமன் கிடைக்கும். முனை கண்ணாடியை உரசாமல் சற்றே மேலே நின்று, இழை தானாக விழ வேண்டும். தப்பினால் ஈரத்திலேயே பட்ஸால் துடைத்துவிடலாம், காய்ந்தபின் பிளேடு. குவார்ட்டர் பாட்டிலின் தட்டை முகத்தில் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் போட்டுப் படுக்கவிடுங்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் மாட்டியிருக்கும் பழைய கண்ணாடி ஓவியங்கள் இத்தனை காலம் நிறம் நிற்கக் காரணம், அவை கண்ணாடிக்குப் பின்புறம் தீட்டப்பட்டவை; கை படும் பக்கம் கண்ணாடி. பாட்டிலின் உட்பக்கத்தில் தூரிகை போகாது. அதனால் காப்பு வெளியே போட வேண்டியிருக்கிறது. தீட்டி முடித்து மூன்று நாள் கழித்து, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சு, நான்கு மணி நேர இடைவெளியில். அவசரப்பட்டு மறுநாளே பூசினால் தூரிகையோடு நிறமும் இழுபடும். மரத்துக்கு அடிக்கும் எண்ணெய் வார்னிஷ் நாளாவட்டத்தில் மஞ்சளிக்கும். கல் போலத் தெரிய வேண்டுமென்றால் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ், எண்ணெய் தேய்த்த பழைய தளம் போல வேண்டுமென்றால் பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ்.

அடுப்பில் சுட்டு இறுக்கும் அக்ரிலிக் எனாமல் வர்ணங்களும் கிடைக்கின்றன. அவற்றுக்குப் பிரைமரே வேண்டாம், வெறும் கண்ணாடியில் நேராகத் தீட்டலாம். பலவற்றுக்கு 150 டிகிரி, அரை மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. டப்பாவில் வேறு எழுதியிருந்தால் அதுவே வேதம். பாட்டிலை ஓடிஜி என்கிற மின் அடுப்பில் வைத்த பிறகுதான் அடுப்பைப் போட வேண்டும், அணைத்த பிறகு உள்ளேயே ஆறவிட வேண்டும். சூடான அடுப்பில் குளிர்ந்த பாட்டிலை வைத்தால் சத்தம் கேட்கும். சுட வசதியில்லை என்றால் இவ்வகை வர்ணங்கள் 21 நாளில் தானாகவே இறுகும். அதுவரை தண்ணீர் காட்டக் கூடாது.

விற்பனைக்குச் செய்பவர்கள் ஒரு தொகுதிக்கு ஒரு பாட்டிலையாவது சோதிப்பது நல்லது. மூன்று நாள் காய்ந்தபின் அடிப்பகுதியில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டம் கீறி, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் தயாரிப்பில் குறை. வர்ணம் மட்டும் வந்து பிரைமர் நின்றால் இடையில் தூசியோ ஈரமோ. பிரைமரோடு சேர்ந்து தோல் மாதிரி வந்தால் கண்ணாடியில் எண்ணெயோ மெழுகோ இருந்திருக்கிறது. அந்தத் தொகுதி முழுவதையும் சந்தேகப்படுங்கள்.

மூடிப் பூசிய பாட்டிலில் மணிபிளாண்ட் நன்றாக வரும், வெளிச்சம் உள்ளே போகாததால் பாசி பிடிப்பது குறைவு. தண்ணீர் மாற்றும்போது வெளியே வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். பேட்டரி விளக்குச் சரம் போடுவதென்றால் இழைக்கோலப் பாட்டில் பொருத்தம், மெழுகுவர்த்தி வேண்டாம். கழுவுவது குளிர்ந்த தண்ணீரில், மெல்லிய துணியால், ஊறப்போடாமல்.

அனுப்பும்போது செய்தித்தாளில் சுற்றாதீர்கள். அக்ரிலிக் படலம் வெயிலில் இளகும் குணமுள்ளது. கோடையில் பஸ் டிக்கியிலோ லாரியிலோ போகிற பெட்டிக்குள் அச்சு மை வர்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், காகிதமும் சேர்ந்தே ஒட்டும். பட்டர் பேப்பர் சுற்றி, அதன் மேல் குமிழி உறை போடுங்கள். குமிழி உறையை நேராகச் சுற்றினால் வட்ட வட்டமாகத் தடம் விழும்.

கெட்டுப்போன பாட்டிலைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் சலவைச் சோடாவை இரட்டிப்பாகப் போட்டு ஓர் இரவு ஊறவைத்தால் அக்ரிலிக் இளகித் தோலாக எழும்பும். பிளேடை கண்ணாடியோடு படுக்கவைத்துச் சீவி எடுங்கள். அந்தச் சீவலைச் சாக்கடையில் விடாமல் வடிகட்டிக் குப்பையில் போட வேண்டும், அதுவும் பிளாஸ்டிக்தான். ஏற்கெனவே உப்புத்தாள் பட்ட பாட்டில் என்பதால், அடுத்த தடவை தேய்க்கும் வேலை பாதிதான்.